25 ஆண்டு வாரண்டியும் பாதியில் மூடப்படும் கம்பெனியும்

2010 முடிவில் உலகம் முழுவதும் நிறுவப்பட்டிருந்த சூரிய மின்திறன் சுமார் 40 கிகாவாட். 2022-இல் அது ஆயிரம் கிகாவாட்டைக் கடந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இரண்டாயிரத்தையும் தாண்டியது. இந்தியா 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டை எட்டியது. இதே காலத்தில்தான் கலிஃபோர்னியாவின் சொலிண்ட்ரா (2011), ஜெர்மனியின் கியூ-செல்ஸ் (2012), சீனாவின் சன்டெக் (2013), அமெரிக்காவின் சன்எடிசன் (2016), சன்பவர் (2024), சன்னோவா (2025) என்று பெயர்பெற்ற நிறுவனங்கள் வரிசையாகத் திவால் நடவடிக்கைக்குள் சென்றன. சூரிய மின்சாரத்தை ஊரெங்கும் பரவச் செய்த விலைவீழ்ச்சியே அதை விற்றவர்களின் லாபத்தையும் தின்றது.

உற்பத்தியாளர்களின் கதையில் இது தெளிவாகத் தெரியும். பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் 2008-இல் கிலோ 400 டாலருக்கு மேல் விற்றது. சிலிக்கானே தேவைப்படாத உருளை வடிவப் பேனலைச் செய்த சொலிண்ட்ராவுக்கு அந்த விலைதான் ஆதாரம். அமெரிக்க அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. 2011 முடிவதற்குள் சிலிக்கான் விலை அதில் பத்தில் ஒரு பங்கை நோக்கிச் சரிந்தது. நிறுவனம் மூடப்பட்டு சுமார் 1,100 பேர் வேலை இழந்தனர். இன்று பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அங்கும் தேவையை மிஞ்சிய ஆலைகள் எழுந்ததால், 2024-இல் லோங்கி போன்ற பெருநிறுவனங்களே நஷ்டக் கணக்குக் காட்டின.

மின்சாரம் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் சிக்கல் வேறு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்துக்கு யூனிட் விலை ரூ.7.01. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் யூனிட் விலை ரூ.1.99 ஆகிவிட்டது. விலை இவ்வளவு வேகமாக இறங்கும் சந்தையில், எதிர்காலச் செலவு குறையும் என்ற கணக்கில் கடன் வாங்கி ஏலம் எடுப்பவர் கால் தவறினால் மீள்வது கடினம். 2015 நவம்பரில் ஆந்திரத்தில் 500 மெகாவாட்டுக்கு ரூ.4.63 என்று கேட்டு ஏலத்தை வென்ற சன்எடிசன், ஐந்து மாதங்களில் அமெரிக்காவில் திவால் மனு தாக்கல் செய்தது. அதன் இந்திய நிலையங்கள் கிரீன்கோ என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஒப்பந்தம் கையில் இருப்பதும் பாதுகாப்பாகவில்லை: 2019-இல் ஆந்திர அரசு பழைய ஒப்பந்த விலைகளைக் குறைக்கச் சொன்னது. ஒப்பந்தப்படியே பணம் தர வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்னபோது 2022 மார்ச் ஆகிவிட்டது. வட்டி மட்டும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்கவில்லை.

வீட்டுக் கூரையில் சோலார் போடும் நிறுவனங்கள் மலிவான கடனை நம்பி வளர்ந்தவை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையே வட்டியைச் சுழியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. 2023 ஏப்ரலில் கலிஃபோர்னியா, வீடுகளிலிருந்து மின்கட்டமைப்புக்கு வரும் மின்சாரத்துக்கான தொகையைப் புதிய இணைப்புகளுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டியது. சன்பவர், சன்னோவா, சோலார் கடன் கொடுத்த மொசைக் ஆகிய மூன்றும் 2024, 2025 ஆண்டுகளில் வீழ்ந்தன. கூரையில் இருந்த பேனல்கள் வழக்கம்போல மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தன. பழுது பார்க்க யாரை அழைப்பது என்பதுதான் பல வீடுகளில் தெரியாமல் போனது. சன்பவர் பெயரில் வந்த பேனல்களைச் செய்த பிரிவு 2020-இலேயே மாக்சியான் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்திருந்தது. பெயர் ஒருவருடையது, பேனல் இன்னொருவருடையது.

25 ஆண்டு உத்தரவாதம் என்று விற்பனையாளர் சொல்லும்போது அதற்குள் குறைந்தது மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன. 25 ஆண்டு என்பது பெரும்பாலும் பேனல் தயாரிப்பாளர் தரும் உற்பத்தித்திறன் வாரண்டி மட்டுமே. இன்வெர்ட்டருக்கு அதன் தயாரிப்பாளர் தருவது பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள். தாங்குசட்டம், வயரிங், கூரையில் துளையிட்ட இடத்தில் நீர்க்கசிவு ஆகியவற்றுக்கு, போட்டுக் கொடுத்த ஏஜென்சியே பொறுப்பு. மூன்றில் முதலில் காணாமல் போகக்கூடியதும் அதுதான். ஆகவே தயாரிப்பாளர்களின் வாரண்டிச் சீட்டுகள், ஒவ்வொரு பேனலின் தொடர் எண், ஜிஎஸ்டி ரசீது, வயரிங் வரைபடம், இன்வெர்ட்டர் செயலியின் கடவுச்சொல் ஆகிய அனைத்தும் வீட்டு உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். அவை ஏஜென்சியின் அலுவலகத்தில் தங்கிவிட்டால், அலுவலகம் பூட்டப்படும் நாளில் வாரண்டியும் அதனுடன் பூட்டப்படும். பேனல் கம்பெனிக்கே சொந்தமாக இருந்து, மாதக் கட்டணம் கட்டும் ஏற்பாடு என்றால், கம்பெனி கைமாறும்போது ஒப்பந்தம் யாரிடம் போகும், பேனலை எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்ற விதிகளைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் ரூ.78,000. இந்தத் தொகை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வரும். திட்டத்தில் பதிவுபெற்ற ஏஜென்சி ஐந்து ஆண்டு பராமரிப்புக்குக் கட்டுப்பட்டது. மின்சார நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் செய்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. 5 கிலோவாட் வரை மின்கட்டமைப்பைப் பலப்படுத்தும் செலவை மின் வினியோக நிறுவனமே ஏற்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் தாமதமானாலோ கணக்கு தவறினாலோ, மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும், அங்கே தீராவிட்டால் மின்சாரக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

ஏஜென்சி மீதான புகார் நுகர்வோர் ஆணையத்துக்குரியது. முதல் படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதியலாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், இணையவழியும் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால், வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஏஜென்சிக்காகக் காத்திருப்பது ஆபத்து. பழுதான பேனலால் தீப்பிடித்து வீட்டுக்குச் சேதம் நேர்ந்து, தயாரித்தவர் எட்டாத நாட்டில் இருந்தால், விற்றவரையே பொறுப்பாக்கவும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிவிடுகிறது.

கம்பெனி திவால் தீர்வுக்குள் போய்விட்டால் நிலைமை மாறும். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் அதன் மீதான வழக்குகள் எல்லாம் நிறுத்திவைக்கப்படும். நுகர்வோர் வழக்கும் அதில் அடங்கும். அப்போது செய்ய வேண்டியது, தீர்வு அலுவலர் நாளிதழில் வெளியிடும் பொது அறிவிப்பில் உள்ள கடைசி நாளுக்குள் ரசீதுகளோடு உரிமைகோரல் படிவம் தருவது. அடமானம் பெற்ற வங்கிகளுக்குப் பிறகே சாதாரண வாடிக்கையாளரின் முறை வருவதால் முழுத்தொகை கிடைப்பது அரிது. அதேநேரம் தடை அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்தும். பேனல் தயாரிப்பாளரும் இன்வெர்ட்டர் தயாரிப்பாளரும் இயங்கிக்கொண்டிருந்தால் அவர்களிடம் வாரண்டியை நேரடியாகக் கேட்கலாம், மறுத்தால் வழக்கும் தொடரலாம். சோலாருக்காக வங்கியில் வாங்கிய கடன் தனி ஒப்பந்தம். போட்டுக் கொடுத்தவர் இல்லாமல் போனாலும் தவணை நிற்காது. கோபத்தில் அதைக் கட்டாமல் விட்டால் கெடுவது வீட்டுக்காரரின் கடன் மதிப்பெண்தான்.