அடைத்த கதவும் தட்டிய கரமும்

தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-இல் நமது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கண்டறியப்பட்டார்.

நாடுகள் வெவ்வேறு வழி சென்றன. எல்லையை அடைத்த நியூசிலாந்து அவ்வாண்டில் சுமார் 25 உயிர்களையே இழந்தது. ஊரடங்கை விரும்பாத சுவீடனில் முதியோர் இல்லங்களில் மரணம் மிகுந்தது. தோற்றோமென அதன் மன்னரே டிசம்பரில் ஒப்புக்கொண்டார். இந்தியாவிலோ மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு வந்தது. பிழைப்புத் தேடிப் பெயர்ந்திருந்த தொழிலாளர் கால்நடையாய்ச் சொந்த ஊர் திரும்பினர்.

தமிழகத்திற்கு ஓர் ஆறுதல் இருந்தது: 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும், பின்னர் வளர்ந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும். உத்திரமேரூர்ச் சிற்றூர்களில் வாசல்தோறும் நின்று காய்ச்சலை விசாரித்தவர் கிராம சுகாதாரச் செவிலியரே. கதவை அடைக்க ஆணை போதும். தட்டி நலம் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளை நோயில்லாக் காலத்திலும் மதிப்போமாக.