கோலி சோடா துண்டும் படியூர்க் கல்லும்

வடசென்னையின் விம்கோ நகரிலிருந்து கிழக்கே நடந்தால் கடல். கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு நடுவே சில நாள் இளம் நீலப்பச்சையில் ஒரு துண்டு கிடக்கும். பழைய கோலி சோடா பாட்டிலின் சில்லு. அலையும் மணலும் உரசி உரசி முனை மழுங்கி, மேலே பனி மூடியதுபோல் மங்கியிருக்கும்.

இதே நிறத்தில் ஒரு ரத்தினம் உண்டு. அக்வாமரின் என்று பெயர். லத்தீனில் 'கடல் நீர்' என்று பொருள். மரகதத்தின் உடன்பிறப்பு, இரண்டுமே பெரில் என்ற கனிமம்தான். மரகதத்துக்குப் பச்சை தருவது பெரும்பாலும் குரோமியம். அக்வாமரினுக்கு நிறம் தருவது இரும்பு. ஆமாம், உப்புக்காற்று பட்டு நம் வீட்டு கேட்டில் செந்துருவாக உதிர்கிறதே, அதே இரும்பு! கல்லுக்குள் துளியூண்டு சிக்கிக்கொண்டால் வெளிச்சத்திலுள்ள சிவப்பை விழுங்கிவிடும். நமக்கு நீலம் மிஞ்சும். கடல் நீரும் சிவப்பைத்தான் விழுங்குகிறது, ஆனால் மெல்ல மெல்ல. அதனால்தான் கையில் அள்ளிய நீருக்கு நிறமில்லை, ஆழக் கடல் நீலம். கல்லுக்கு அந்த ஆழம் வேண்டாம். விரல்நுனி அளவே போதும்.

இந்தக் கல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காங்கேயம் பக்கத்துப் படியூர் பெரிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து சற்றுத் தள்ளி, நொய்யல் கரையில் கொடுமணல். 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பெரில் போன்ற கற்களில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. முடித்த மணிகளோடு, பாதியில் நின்ற மணிகளும் வெட்டி எறிந்த சில்லுகளும்! எனக்கு அந்தச் சில்லுகள்தான் பிடிக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பழகிய இடம் அது. ரோமில் வாழ்ந்த பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, பெரில் இந்தியாவில் விளைகிறது, வேறெங்கும் அரிது, தெளிந்த கடலின் பச்சை கொண்டதே உயர்ந்தது என்று எழுதிவைத்தார்.

இந்தக் கல்லை அணிந்தால் கடலில் ஆபத்து வராது என்று ஐரோப்பிய மாலுமிகள் நம்பினார்களாம். நம் மீனவ அண்ணன்மார் கடலுக்குப் போகும்போது அவர்களைக் காப்பது லைஃப் ஜாக்கெட்டும் வானிலை எச்சரிக்கையும்தான்.

கரையில் கிடைத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடல் மணலில் நிறைய குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தை அளக்கும் அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடிக்கு 5½-தான், அதனால் கீறல் விழுந்து மங்கிவிடும். அக்வாமரினுக்கு 7½ முதல் 8 வரை, மணல் அதை எளிதில் கீறாது. இன்னொரு வழி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புவது. நல்ல நிறமுள்ள அக்வாமரின் படிகம் ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் வெளிறியும் தெரியும். கண்ணாடி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம்.

ஒரே நிறமா? சோடா பாட்டில்தான். இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடி காய்ச்சிய மணலோடு வந்த இரும்புதான் அதற்கும் அந்த நிறத்தைக் கொடுத்தது.