ஒரே மாத்திரை... எனக்கு மட்டும் மஞ்சள்!

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பத்துக்குப் பத்து அறை. இரண்டு கட்டில், இரண்டு பேச்சுலர், ஒரே ஒரு ஃபேன். அந்த ஃபேன் காற்றைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரியே நானும் என் ரூம்மேட்டும் டி.பி-யையும் பங்கு போட்டுக்கொண்டோம். இது நடந்தது 2019-ல்.

முதலில் இருமியவன் அவன்தான். "ஆபீஸ் ஏ.ஸி. ஒத்துக்கலை மச்சி" என்று ஒரு மாதம் ஓட்டினான். அடுத்த மாதம் எனக்கு சாயங்காலமானால் காய்ச்சல். சளி டெஸ்ட்டில் இரண்டு பேருமே பாஸ்!

அரசாங்க மையத்தில் மாத்திரை இலவசம். எடையைப் பார்த்து எண்ணிக் கொடுப்பார்கள். அவன் 60 கிலோ, நான் 58. 50-லிருந்து 64 கிலோவுக்குள் வருகிறவர்களுக்கு தினம் 4 மாத்திரை. ஒவ்வொன்றிலும் நாலு மருந்து கலந்திருக்கும்: ஐசோனியஸிட், ரிஃபாம்பிசின், பைரஸினமைடு, எதாம்பியூட்டால். ஆக, இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மெஸ், ஒரே மாத்திரை. ஒரே ஒரு வித்தியாசம்... அவன் சனிக்கிழமை பார்ட்டி! டாக்டர் "தொடவே கூடாது" என்று கண்டித்துச் சொல்லியும், "ஒரே ஒரு பீர்தான் மச்சி" என்று கிளம்பிவிடுவான். நானோ மோரைக்கூட இரண்டாவது டம்ளருக்கு யோசித்துக் குடிக்கிற ஆசாமி.

ஐந்தாவது வாரம், மெஸ்ஸில் ரசம் வாசனை வந்தாலே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் கலரில் போனது. 'ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்படாதீங்க' என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அங்கேதான் தப்பு செய்தேன். ஆரஞ்சு எப்போது கறுத்து டீ டிகாக்ஷன் ஆனது என்பதை கவனிக்கவே இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர். "என்ன சார், கண்ணுல மஞ்சள் பூசிட்டு வந்திருக்கீங்க?"

ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு கணக்கு. ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறுகிற சமாச்சாரம். 40-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 612! "எல்லா மாத்திரையையும் இன்னிக்கே நிறுத்துங்க. நாளைக்கு மறுபடி வாங்க" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய நோய். ஊர் விசாரணை!

'அந்தப் பழக்கம் உண்டா?'

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "எத்தனை வருஷமா பழக்கம்?" என்றார் அனுதாபத்தோடு. மெஸ் அண்ணாச்சி, "இந்த வயசுலயேவா தம்பி..." என்று உச்சுக் கொட்டினார். சனிக்கிழமை பார்ட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அவன் ரொம்ப நல்ல பையன் அண்ணாச்சி" என்று எனக்கு சர்டிஃபிகேட் கொடுத்தான். அவனுடைய எஸ்.ஜி.பி.டி. 31!

தஞ்சாவூர் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுடா. நீயும் குடிக்க ஆரம்பிச்சுட்டியா?"

அந்த 'நீயும்' என்னைக் குத்தியது. 1998-ல், எனக்கு அஞ்சு வயசாக இருக்கும்போது, அப்பாவுக்கும் டி.பி. வந்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரத்தில் மஞ்சள்காமாலை. 'குடிச்சுக் கெட்டான்' என்று தெருவே தீர்ப்பு எழுதியது. அப்பா மாத்திரையை நிறுத்தினார். யாரோ அரைத்துக் கொடுத்ததைக் குடித்தார். காமாலை இறங்கியது. ஆனால் டி.பி. மாத்திரையை அவர் மறுபடி தொடவே இல்லை. இரண்டாவது வருஷம் டி.பி. திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது.

மறுநாள் டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "சார், குடிக்கிறவன் நல்லாயிருக்கான். குடிக்காத எனக்கு ஏன்?"

ஈரல் என்கிற ஆபீஸ்

டாக்டர் சிரித்தார். "நீங்க ஆபீஸ்லதானே வேலை பார்க்கறீங்க? ஈரலும் ஒரு ஆபீஸ்தான்" என்று ஆரம்பித்தார்.

ஐசோனியஸிட் ஒரு ஃபைல். அது ஈரல் ஆபீஸுக்குள் வந்ததும் 'நேட்-2' என்கிற என்ஸைம் கிளார்க்கின் மேஜைக்குப் போகும். அவர் அசிட்டைல் என்கிற முத்திரையைக் குத்துவார். அப்புறம் அந்த ஃபைல் உடைந்து, ஒரு துண்டு இன்னொரு முத்திரைக்காக அதே கிளார்க்கிடம் வரும். இரண்டாவது முத்திரையும் விழுந்துவிட்டால் ஆபத்தில்லை. சிறுநீர் வழியாக வெளியேறிவிடும்.

கிளார்க் சுறுசுறுப்பான ஆளாக இருந்தால் பிரச்னை குறைவு. ஸ்லோ ஆளாக இருந்தால் ஃபைல் குவியும். அப்போது 'சிப்-2ஈ1' என்கிற இன்னொரு என்ஸைம் அந்தத் துண்டுகளை எடுத்து விஷமாக மாற்றி ஆபீஸுக்கே தீ வைத்துவிடும். கூடவே சாப்பிடும் ரிஃபாம்பிசினும் இந்தத் தீக்கு எண்ணெய். மதுவோ அந்த சிப்-2ஈ1-க்கு டானிக்!

"அப்ப என் கிளார்க் சோம்பேறியா சார்?"

"சோம்பேறி இல்லை. அவர் வேகமே அவ்வளவுதான். பிறக்கும்போதே அப்பாயின்ட்மென்ட் ஆன ஆள். சஸ்பெண்டும் பண்ண முடியாது, டிரான்ஸ்ஃபரும் பண்ண முடியாது."

நேட்-2 ஜீன் எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. இரண்டுமே ஸ்லோ என்றால் நாம் 'ஸ்லோ அசிட்டிலேட்டர்'. ஒன்று ஸ்லோ, ஒன்று ஃபாஸ்ட் என்றால் நடுத்தரம். இரண்டும் ஃபாஸ்ட் என்றால் எக்ஸ்பிரஸ்.

சேத்துப்பட்டில் பார்த்த கணக்கு

இதில் நம் ஊருக்கும் பெரிய பங்கு உண்டு. ஐசோனியஸிட் 1912-லேயே தயாரிக்கப்பட்டது. ஆனால் அது டி.பி-யை அடக்கும் என்று தெரிய 40 வருஷம் ஆனது. 1952-ல்தான் மருந்தாக வந்தது. அதுவரை டி.பி. என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் ஸ்டேஷனுக்கே பெயர் வந்தது அப்படித்தான்.

1956-ல் சென்னையில் டி.பி. சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்கிற பெயரில் இருப்பது அதுதான். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்தது இந்த மையம்.

நம் நோயாளிகள் ஐசோனியஸிட்டை எவ்வளவு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறார்கள் என்றும் இங்கே அளந்து பார்த்தார்கள். தென்னிந்தியர்களில் ஏறக்குறைய 60 சதவிகிதம் பேர் ஸ்லோ! ஜப்பானில் இது சுமார் 10 சதவிகிதம்தான்.

'அப்போ ஃபாஸ்ட் ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள்' என்று பொறாமைப்பட வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு தடவை மருந்து கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வில், ஃபாஸ்ட் ஆட்களுக்குத்தான் பலன் குறைவாக இருந்தது. கிருமியை அடிப்பதற்குள் மருந்தே காலி!

சரி, 60 சதவிகிதம் ஸ்லோ என்றால் டி.பி. மாத்திரை சாப்பிடும் பாதிப் பேருக்கு மேல் காமாலை வர வேண்டுமே? வருவதில்லை. பெரும்பாலான ஸ்லோ ஆட்கள் ஆறு மாதத்தையும் சிரமமில்லாமல் முடித்துவிடுகிறார்கள். ஜீன், ஆபத்தைக் கூட்டுகிற ஒரு காரணம், அவ்வளவுதான். வயது, சத்துக் குறைவு, மது, ஹெபடைடிஸ்-பி மாதிரி ஏற்கெனவே ஈரலில் இருக்கும் வியாதி... எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. அந்த நாலு மருந்தில் பைரஸினமைடும் ரிஃபாம்பிசினும்கூட ஈரலைத் தொடக்கூடியவைதான்.

ஜப்பான்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். 172 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான அளவு. இன்னொரு பிரிவுக்கு ஜீனைப் பார்த்து அளவு: ஸ்லோ என்றால் பாதி, ஃபாஸ்ட் என்றால் ஒன்றரை மடங்கு. வழக்கமான அளவு சாப்பிட்ட ஸ்லோ ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு ஈரல் பாதித்தது. பாதி அளவு சாப்பிட்ட ஸ்லோ ஆட்களில் ஒருவருக்கும் பாதிப்பில்லை. ஸ்லோ ஆட்கள் எண்ணிக்கை அங்கே குறைவுதான் என்றாலும், யோசிக்க வைக்கிற ரிசல்ட். நம் நாட்டில் இந்த ஜீன் டெஸ்ட் இன்னும் வழக்கத்தில் இல்லை. எடைதான் கணக்கு.

ஜீன் தலையெழுத்தா?

"அப்ப இது என் தலையெழுத்தா சார்?" என்றேன்.

அதற்கு டாக்டர் ஹெபடைடிஸ்-சி கதையைச் சொன்னார். முன்பெல்லாம் அதற்கு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி. சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. ஐ.எல்.28-பி என்கிற ஜீனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம் அதற்குப் பெரிய காரணம் என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். நல்ல எழுத்து இருந்தால் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில வருஷத்திலேயே புது மாத்திரைகள் வந்தன. மூன்று மாதம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம். எந்த எழுத்து இருந்தால் என்ன? அந்த டெஸ்ட்டுக்கே வேலை இல்லாமல் போனது.

"ஜீனை மாத்த முடியாது தம்பி. மருந்தை மாத்தலாம்" என்றார்.

எனக்கும் அதுதான் நடந்தது. எஸ்.ஜி.பி.டி. இறங்கும்வரை காத்திருந்து, மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் ஒத்துக்கொண்டது. ஐசோனியஸிட் ஆரம்பித்த சில நாளில் கணக்கு மறுபடி எகிறியது. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான்! அதை நீக்கி, வேறு மருந்து சேர்த்து, மொத்தம் ஒன்பது மாதம் ஆனது. குணமாகிவிட்டேன். ஜீன் டெஸ்ட் எடுக்காததால் என் கிளார்க் ஸ்லோ என்பது டாக்டரின் ஊகம்தான்.

இதையும் கவனியுங்கள்!

* டி.பி. மாத்திரை சாப்பிடும்போது குமட்டல், பசியின்மை, அசதி, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள்.
* ஆரஞ்சு சிறுநீருக்குப் பயப்பட வேண்டாம். அது டீ டிகாக்ஷன் மாதிரி கறுத்தால் பயப்படுங்கள்.
* டாக்டர் நிறுத்தச் சொன்னால், மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அரைகுறையாக விட்டால் மருந்துக்கு மசியாத டி.பி. வரும்.
* சிகிச்சை முடியும்வரை மது வேண்டாம். என் ரூம்மேட் தப்பித்தது லாட்டரி. லாட்டரியை நம்பி யாரும் வாழ முடியாது.
* வீட்டில் யாருக்காவது ஒரு மருந்தால் காமாலை வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கடைசிப் பாயின்ட்டைத்தான் நான் சொல்லத் தவறினேன். எனக்கே தோன்றவில்லை.

குணமாகி ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இந்தக் கிளார்க் கதையைச் சொன்னேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவள் பாதியில் நிறுத்தினாள். "அப்போ... உங்கப்பாவுக்கு?"

"தெரியாதும்மா. இனிமே கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருவேளை அவருக்கும் இப்படி இருந்திருக்கலாம்."

"தீபாவளி பொங்கலுக்கு மட்டும்தான்டா குடிப்பாரு. ஊரு சொன்னதை நானும் நம்பிட்டேன்" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. எழுந்து போய் அப்பா போட்டோவை முந்தானையால் துடைத்தாள்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தாய்மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு முன்னே காமாலை வந்ததாமே... அந்தப் பழக்கம் ஏதாவது...?" என்று இழுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பழக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவன் ஈரல்ல கிளார்க் கொஞ்சம் ஸ்லோ. அவங்கப்பாவுக்கும் அப்படித்தான்!"