முன்மருத்துவக் கல்வி (ஐக்கிய அமெரிக்கா)

முன்மருத்துவக் கல்வி என்பது ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் தமது இளநிலைப் பட்டப்படிப்பின்போது மேற்கொள்ளும் ஆயத்தப் படிப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது பிரீ-மெட் எனப்படுகிறது. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் பள்ளிக் கல்வி முடிந்தவுடன் மருத்துவப் படிப்பில் சேரலாம். ஐக்கிய அமெரிக்காவிலோ பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே நான்காண்டு மருத்துவப் படிப்பு தொடங்குகிறது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முன்மருத்துவம் தனியொரு பட்டம் அன்று. வரலாறு, இசை, பொறியியல் என எத்துறையில் பட்டம் பயில்பவரும், தேவையான அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். எனவே எப்பாடத்தை எப்பருவத்தில் படிப்பது என்று திட்டமிடும் பொறுப்பு மாணவரையே சார்கிறது.

வரலாறு

1893 இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, இளநிலைப் பட்டத்தைச் சேர்க்கைத் தகுதியாக வைத்தது. அக்காலத்தில் இது அரிதான ஒன்றாகும். கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் பிளெக்சினர் தயாரித்து 1910 இல் வெளிவந்த அறிக்கை, வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றை உள்ளடக்கிய குறைந்தது ஈராண்டுக் கல்லூரிக் கல்வி தேவை என வலியுறுத்தியது. இம்மூன்று பாடங்களே இன்றும் முன்மருத்துவக் கல்வியின் அடிப்படையாக உள்ளன.

பாடங்கள்

தேவைகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில கல்லூரிகள் பாடங்களைக் கட்டாயமாக்காமல் பரிந்துரை மட்டுமே செய்கின்றன. பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை:

* உயிரியல் - ஆய்வகத்துடன் இரு பருவங்கள்
* பொது வேதியியல் - ஆய்வகத்துடன் இரு பருவங்கள்
* கரிம வேதியியல் - ஒன்று அல்லது இரு பருவங்கள்
* இயற்பியல் - ஆய்வகத்துடன் இரு பருவங்கள்
* உயிர்வேதியியல் - ஒரு பருவம்
* கணிதம் அல்லது புள்ளியியல், ஆங்கிலம், உளவியல், சமூகவியல்

பாடங்களின் வரிசை

இப்பட்டியலில் வேதியியலே கால அட்டவணையை முடிவு செய்கிறது. பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலில் சேர இயலாது. கரிம வேதியியல் இன்றி உயிர்வேதியியலில் சேர இயலாது. இரண்டு, இரண்டு, ஒன்று எனக் கூட்டினால் இச்சங்கிலி ஐந்து பருவங்கள் நீள்கிறது. இயற்பியல், புள்ளியியல் போன்றவற்றை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். வேதியியலை அவ்வாறு மாற்ற முடியாது.

முதலாம் ஆண்டின் முதற் பருவத்திலேயே வேதியியலைத் தொடங்குபவர், மூன்றாம் ஆண்டின் முதற் பருவத்தில் உயிர்வேதியியலை முடிப்பார். அடுத்த பருவத்தில் நுழைவுத் தேர்வு எழுதி, அக்கோடையில் விண்ணப்பித்து, பட்டம் பெற்ற ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரியில் சேரலாம்.

இரண்டாம் ஆண்டில் தொடங்குபவருக்கு உயிர்வேதியியல் நான்காம் ஆண்டில்தான் அமையும். அவர் பட்டம் பெற்ற கோடையில் விண்ணப்பித்து, மேலும் ஓராண்டு காத்திருக்க நேரும். கோடைப் பருவத்தில் இரு பாடங்களை விரைவாக முடிப்பதும், ஒரு பருவக் கரிம வேதியியலுக்குப் பின் உயிர்வேதியியலை அனுமதிக்கும் கல்லூரிகளில் அவ்வழியைப் பயன்படுத்துவதும் இத்தாமதத்தைக் குறைக்கும். இவ்வாறு காத்திருப்பது தகுதிக் குறைவாகக் கருதப்படுவதில்லை. பலர் அவ்வாண்டை ஆய்வகப் பணியிலோ மருத்துவமனைப் பணியிலோ செலவிடுகின்றனர்.

நுழைவுத் தேர்வு

எம்கேட் எனப்படும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்துகிறது. 2015 இல் இத்தேர்வு மாற்றியமைக்கப்பட்டு, உயிர்வேதியியல் கூடுதல் இடம் பெற்றது. உளவியல், சமூகவியல் ஆகியவை புதிதாகச் சேர்க்கப்பட்டன. நான்கு பகுதிகள் கொண்ட இத்தேர்வின் மொத்த மதிப்பெண் 472 முதல் 528 வரை அமையும். உயிர்வேதியியலைப் படிக்கும் முன்னரே இத்தேர்வை எழுதுவது பெரும் இடராகும்.

தரப்புள்ளிகள்

எம்.டி. பட்டம் வழங்கும் பெரும்பாலான கல்லூரிகள் அம்காஸ் என்னும் பொது விண்ணப்ப முறை வழியே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அம்காஸ் மொத்தத் தரப்புள்ளி சராசரியுடன், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் சராசரியைத் தனியாகவும் கணக்கிடுகிறது. மீண்டும் படித்த பாடத்தின் பழைய தரப்புள்ளி நீக்கப்படுவதில்லை. ஒரு பாடத்தில் முதலில் 2.0 புள்ளியும், மறுமுறை 4.0 புள்ளியும் பெற்றவருக்கு அவ்விரண்டின் சராசரி 3.0 ஆகவே கொள்ளப்படும்.

எனவே விரைவாக முடிக்கும் நோக்கில் முதற் பருவத்திலேயே மூன்று ஆய்வகப் பாடங்களை ஏற்பது நன்மையைவிடத் தீமையே விளைவிக்கக்கூடும். முதற் பருவத்தில் வேதியியலுடன் இன்னுமோர் அறிவியல் அல்லது கணிதப் பாடத்தை மட்டும் கொண்டு தொடங்கினாலும், மேற்கூறிய சங்கிலி தடைப்படுவதில்லை.

பிற நாட்டு மாணவர்கள்

பிற நாட்டுக் குடிமக்களை எல்லா மருத்துவக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. ஏற்பவற்றுள் பல, தேவையான அறிவியல் பாடங்களை ஐக்கிய அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள கல்லூரியில் படித்திருக்க வேண்டும் எனக் கோருகின்றன. ஆகவே இம்மாணவர்கள் தாம் விரும்பும் மருத்துவக் கல்லூரிகளின் விதிகளை, இளநிலைப் பட்டப்படிப்பில் சேருமுன்னரே அறிந்துகொள்வது இன்றியமையாதது.