சிக்னலில் அணையும் என்ஜின்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் சிவப்பு விளக்கு விழுகிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிரேக்கில் கால் வைத்த மறுகணம், பழைய கார் ஒருமுறை உதறிவிட்டு அணைந்துபோகிறது. பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஹாரன்கள் பொறுமையிழக்கின்றன. மீண்டும் ஸ்டார்ட் செய்து, மறுபடியும் அணையாதிருக்க ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே சயான் தாண்டிச் செம்பூர் வரை ஓட்டி வருகிறோம். ஒரே வலக்கால் பிரேக்கையும் பார்க்கவேண்டும், ஆக்ஸிலரேட்டரையும் பார்க்கவேண்டும். நெரிசலில் இது ஆபத்தான வித்தை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மெக்கானிக் ஒரு சிறு திருகை அரைச் சுற்றுத் திருப்புவார். ஐடில் வேகம் கூடும். கார் அணைவது நிற்கும். நாமும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டு வருவோம். ஆனால் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் கூடுதல் பெட்ரோலை ஊற்றி மறைத்திருக்கிறோம், அவ்வளவே. ஒவ்வொரு சிக்னலிலும் அந்தச் செலவு தொடரும்.

மும்பை மெக்கானிக்குகளில் பல தலைமுறையினர் இத்தொழிலைப் பயின்றது பெரும்பாலும் ஒரே காரில்தான். குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கி, 1974 முதல் பத்மினி என்று பெயர் சூட்டிய கார் அது. 1,089 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டர். இருபது ஆண்டு வயது வரம்பின்படி, கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் 30 அன்று மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றது. டாக்சிகள் போய்விட்டாலும், குடியிருப்பு வளாகங்களில் உறையிட்டு நிற்கும் பத்மினிகளும், கார்புரேட்டர் கால மாருதி 800களும், தொடக்ககால இன்ஜெக்‌ஷன் வகையான ஜென், சான்ட்ரோ கார்களும் இன்னும் இருக்கின்றன. இந்நோய் அவை அனைத்துக்கும் பொது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்று செல்லும் வாயிலைத் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. அப்போது என்ஜின் மெல்லிய ஒரு பாதை வழியே மூச்சுவிட்டு, நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை நின்றபடியே ஓடவேண்டும். கார்புரேட்டரில் அதற்கான பெட்ரோல் வரும் ஐடில் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவே. ஒரு தூசித்துகள் போதும், அதை அடைக்க. வேகமாக ஓடும்போது பெரிய ஜெட் வேலை செய்வதால் குறை வெளியே தெரிவதில்லை. "ஹைவேயில் பறக்கிறது, சிக்னலில் சாகிறது" என்று உரிமையாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது செலவில்லாதது: காற்றுக் கசிவு. த்ராட்டிலுக்குக் கீழே என்ஜின் உறிஞ்சும் வலுவான வெற்றிடம் இருக்கிறது. அங்கிருந்து பிரேக் பூஸ்டருக்கும் மற்றவற்றுக்கும் ரப்பர் குழாய்கள் செல்கின்றன. மும்பையின் வெப்பத்திலும் உப்புக்காற்றிலும் இவை பத்து, பதினைந்து ஆண்டுகளில் வெடிப்பு விடும். கணக்கில் வராத காற்று அவ்வழியே நுழைந்தால் கலவை நீர்த்துப்போகும். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு குழாயாக இடுக்கியால் நெரித்துப் பாருங்கள். ஒன்றை நெரித்ததும் ஓட்டம் சீரானால் ஆள் அகப்பட்டுவிட்டான். கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டைச் சோதிக்க, அந்த இணைப்பைச் சுற்றி மட்டும் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளிக்கலாம். சுழற்சியில் மாற்றம் தெரிந்தால் அங்கே கசிவு உண்டு. எரியக்கூடிய ஸ்பிரேக்களைச் சூடான என்ஜின்மேல் அடிக்கும் பழக்கத்தை நாம் பரிந்துரைக்கமாட்டோம். இச்சோதனைகளைத் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். ஒரு குழாய்த் துண்டோ கேஸ்கெட்டோ சில்லறைச் செலவுதான். இதைப் பார்க்காமலே முழுக் கார்புரேட்டரையும் மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது தீப்பொறி. முதல் மழையோடு தொடங்கும் கோளாறு என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயர்களையும் சந்தேகிக்கலாம். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஈரம் புகுந்து மின்சாரம் வழிதவறும். பிளக்குகளைக் கழற்றினால் அவையே கதை சொல்லும். கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, இளம்பழுப்பு நலம். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தனியே ஆராயவேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2025இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகியது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். துளை அளவு மாறாத பழைய கார்புரேட்டருக்கு அது இயலாது, கலவை நீர்த்தே வரும். மேலும் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தை இழுக்கும், டாங்கியில் படிந்த அழுக்கைக் கிளப்பி ஜெட்டுக்கு அனுப்பும். ஆகவே பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதும் வீண்செலவல்ல. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, கலவைத் திருகைச் சிறிது திறந்து சரிசெய்யலாம். வேகத் திருகு வேறு, கலவைத் திருகு வேறு. எதைத் திருப்பினார் என்று மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை.

சி.என்.ஜி. பொருத்திய கார் பெட்ரோலில் மட்டும் திணறினால், மாதக்கணக்கில் பயன்படாத பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகியிருக்கும். இரண்டிலுமே உதறினால் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். கேஸில் ஓடும் பழைய என்ஜின்களில் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு முழுவதும் மூடாமல் போவதுண்டு.

இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் குற்றவாளி த்ராட்டில் பாடியில் படிந்த கரியும், ஐடில் வால்வும். சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். ஏ.சி. போட்டால் மட்டும் அணைகிறதா? அந்தச் சுமைக்கேற்ப வேகத்தை உயர்த்தும் ஐடில்-அப் அமைப்பைப் பாருங்கள். என்ஜின் சீராக ஓடியும் ஸ்டியரிங் நடுங்கினால், தேய்ந்துபோன என்ஜின் மவுண்டிங் ரப்பராக இருக்கலாம்.

நம்மில் பலர் பார்க்காமலே மடித்து வைக்கும் ஒரு காகிதம் இங்கே பெரிதும் உதவும்: பி.யு.சி. சான்றிதழ். பெட்ரோல் காரின் புகையை ஐடிலில் வைத்துத்தான் அளக்கிறார்கள். பி.எஸ். 2க்கு முந்தைய காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை அனுமதி, பி.எஸ். 2, 3 கார்களுக்கு 0.5 விழுக்காடும் 750உம். மோனாக்சைடு உயர்ந்திருந்தால் கலவை கெட்டி: ஒட்டிக்கொண்ட சோக், அடைபட்ட ஏர் ஃபில்டர் போன்றவை. அது தாழ்ந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால், எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது: மிஸ்ஸிங் அல்லது கசிவு. இத்தகைய பழைய கார்களுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கும் இச்சான்றிதழ்களைப் பாஸ்புக் போலச் சேர்த்து வைத்து எண்களை ஒப்பிட்டால், நோய் எப்போது தொடங்கியது என்பதே தெரிந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் உதறல் தீரவில்லையென்றால், கம்ப்ரெஷன் சோதனை கேளுங்கள். சிலிண்டர்களிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு நல்லதல்ல. தாழ்ந்த சிலிண்டரில் சிறிது என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இங்கேதான் செலவு ஆயிரங்களிலிருந்து பதினாயிரங்களுக்குத் தாவுகிறது. அந்தத் தொகையை எழுத்தில் வாங்கி, மற்ற செலவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000. மகாராஷ்டிரத்தின் சுற்றுச்சூழல் வரி தனி.

தந்தை வாங்கிய கார் என்பதற்காகவே வைத்திருப்போரை நாம் குறைசொல்லமாட்டோம். விடைகொடுக்கத் தீர்மானித்தவர்கள், தெருவோரப் பழைய இரும்பு வியாபாரியிடம் தள்ளிவிடாமல், அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய காரின் சாலை வரியில் சலுகை கோர அது தேவைப்படும், ஆர்.டி.ஓ.வில் பழைய பதிவை ரத்து செய்யாதவரை அந்த வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும்.