உடைவதற்கு முன் ஒலிக்கும் உலோகம்

கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால், ஒரு கட்டத்தில் அது முறிந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாததைச் சிறு விசைகள் பலமுறை சேர்ந்து அறுத்துவிடுகின்றன. பொறியாளர்கள் இதை 'உலோகக் களைப்பு' என்கிறார்கள். இந்தக் களைப்பை மோசமாகத் தாங்கும் பலசாலி ஒன்று உண்டு: உலோகக் கண்ணாடி.

1960-இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர், உருகிய தங்க-சிலிக்கன் கலவையை மின்னல் வேகத்தில் குளிர்வித்தனர். அணுக்கள் படிகமாக வரிசைகட்ட நேரமின்றி, தாறுமாறான நிலையிலேயே உறைந்துபோயின. இப்படி உறைந்த உலோகமே உலோகக் கண்ணாடி. பிற்பாடு அங்கேயே உருவான 'விட்ரலாய்' என்ற சிர்க்கோனியக் கலவையின் வலிமை சுமார் 1,900 மெகாபாஸ்கல். பல எஃகுகளை மிஞ்சும் அளவு. ஆனால் 1998-இல் வெளியான வளைப்புச் சோதனையில், அதன் களைப்பு வரம்பு, அதாவது பலமுறை வந்தாலும் முறியாமல் தாங்கும் விசையளவு, இந்த வலிமையில் சுமார் 4 சதவீதம்தான் என்று தெரிந்தது. வேறு கலவைகளும் சோதனை முறைகளும் இதைவிட நல்ல மதிப்புகளைத் தந்திருக்கின்றன. இருந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

காரணம் அதன் உள்ளமைப்பு. சாதாரண உலோகத்தில் விரிசலைத் தடுத்து நிறுத்தும் படிக எல்லைகள் இதில் இல்லை. நிரந்தர உருமாற்றம் முழுவதும் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள சறுக்குப் பட்டைகளில் குவிகிறது. அந்தப் பட்டைகள் விரிசலுக்கு வழிவிடுகின்றன.

பட்டை திடீரென நழுவும்போதும் விரிசல் ஒரு படி முன்னேறும்போதும் தேங்கிய ஆற்றல் அலையாகப் பாய்கிறது. இதுவே 'ஒலி உமிழ்வு'. பெரும்பாலும் இது காதுக்கு எட்டாத அதிர்வெண்களில் இருக்கும். மேற்பரப்பில் ஒட்டிய, அதிர்வை மின் சைகையாக்கும் பீசோ மின் சென்சார்கள் அதைப் பிடித்துவிடும். சில சென்சார்களுக்கு அலை வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, ஒலி பிறந்த இடத்தையும் கணக்கிடலாம்.

1950-இல் மியூனிக்கில் ஜோசப் கெய்சர் கண்ட உண்மை இங்கே கைகொடுக்கிறது. ஒரு சுமையைத் தாங்கிய உலோகம், மறுபடி அந்தச் சுமையை மீறும்வரை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். ஆகவே உச்சச் சுமை மாறாத சுழற்சிச் சோதனையில், முதல் சில சுற்றுகளுக்குப் பின் அமைதிதான் இயல்பு. அதை மீறி ஒலி பெருகினால், உள்ளே புதிய சேதம் நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். விரிசலின் முகங்கள் உரசுவதும், பிடிகருவி கிறீச்சிடுவதும் பொய்ச்செய்தி தரும். அவற்றை வடிகட்டுவதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது.

விண்வெளி ரோபோக்களுக்கு உலோகக் கண்ணாடிப் பற்சக்கரங்களை நாசா சோதித்திருக்கிறது. லட்சக்கணக்கான சுழற்சிகளைத் தாங்கவேண்டிய பாகம் அது. அதை நம்புவதற்கு ஒருமுறை இழுத்துப் பார்த்த வலிமை எண் மட்டும் போதாது. சுற்றுக்குச் சுற்று அது எழுப்பும் ஒலிக்கும் காது கொடுக்கவேண்டும்.