நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போது வீட்டில் தனித்திருக்கும் நாய், பூனை: பிரிவுப் பதற்றம் குறித்த விளக்கம்

சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண்ணுடன் வந்த வயதான நெசவாளர் ஒருவரிடம், வேலூருக்குச் சென்று சில நாள்கள் உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று அறிவுறுத்தினேன். அவர் தயங்கினார். செலவை எண்ணித் தயங்குகிறார் என்று கருதி, காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டு, "அதுக்கில்ல சார், வீட்ல நாய் இருக்குது. நான் ஒரு ராத்திரி இல்லன்னா சோறு தொடாது. கதவையே பிராண்டிக்கிட்டுக் கெடக்கும்" என்றார். பத்து நாள்கள் கழித்து மீண்டும் வந்தபோது புண் எலும்புவரை சென்றிருந்தது.

இது அரிய நிகழ்வு அன்று. வளர்ப்புப் பிராணியை விட்டுச் செல்ல மனமின்றி அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும், சிகிச்சை முடியும் முன்பே வீடு திரும்ப அனுமதி கேட்போரும் உள்ளனர். காரணத்தை வெளியில் சொல்ல வெட்கப்படுவதால் மருத்துவருக்கு அது தெரியவருவதில்லை. தங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருப்பின், உள்நோயாளியாகச் சேருமாறு கூறப்படும் அன்றே அதனை மருத்துவரிடமும் செவிலியரிடமும் தெரிவிக்கலாம். அவசரமற்ற சிகிச்சையாயின், தேதியைச் சில வாரங்கள் முன்கூட்டியே குறித்துத் தர இயலும். அந்த வாரங்களில் பிராணியைப் பழக்கப்படுத்த முடியும்.

பிரிவுப் பதற்றம் என்றால் என்ன?

தன்னை வளர்ப்பவர் அருகில் இல்லாதபோது மட்டும் ஒரு பிராணி அடையும் கடும் அச்சநிலையே பிரிவுப் பதற்றம். பிராணி பிடிவாதத்தாலோ பழிவாங்கும் எண்ணத்தாலோ இவ்வாறு நடப்பதில்லை. நாய் இடைவிடாது குரைக்கும் அல்லது ஊளையிடும், கதவையும் சன்னலையும் பிராண்டி நகம் உடைத்துக்கொள்ளும், எச்சில் ஒழுகும், வெளியில் சிறுநீர் கழிக்கப் பழகிய நாய் வீட்டுக்குள்ளேயே கழிக்கும், உணவைத் தொடாது. பெரும்பாலான நாய்களிடம் இந்த அறிகுறிகள் வளர்ப்பவர் புறப்பட்ட முதல் அரைமணி நேரத்திற்குள் தொடங்கிவிடும். ஆகவே, புறப்படும்போது ஒரு கைப்பேசியை ஒளிப்பதிவில் வைத்துவிட்டுச் சென்றால் உண்மைநிலை விளங்கும். அந்தப் பதிவு கால்நடை மருத்துவருக்கும் மிகவும் பயன்படும்.

வெம்பாக்கம், ஆரணிப் பகுதிகளின் பட்டு நெசவு வீடுகளில் இந்நிலை ஏற்பட ஒரு தனிக் காரணம் உண்டு. அலுவலகம் செல்வோர் வீட்டு நாய், குட்டியாக இருக்கும்போதே தினமும் சில மணி நேரம் தனித்திருக்கக் கற்றுக்கொள்கிறது. நெசவாளர் வீட்டில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. காலையில் குழித்தறியில் அமர்பவர் மாலைவரை அங்கேயே இருக்கிறார். நாய் தறிக்குழியின் ஓரத்தில் படுத்துறங்குகிறது. இழையைப் பிராண்டிவிடும் என்பதால் பூனையைத் தறி அறைக்குள் விடுவதில்லை என்றாலும், அதுவும் வாசற்படியிலிருந்து ஆளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. இத்தகைய பிராணி பல ஆண்டுகள் ஒருநாள்கூடத் தனித்திருந்ததில்லை. வளர்ப்பவர் நோயுறும்போது ஆள் மறைவதோடு தறியின் ஓசையும் நின்றுபோகிறது. இளையோர் செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில், பகல் முழுவதும் உடனிருக்கும் முதியவர் ஒருவர்மீதே பிராணியின் பற்று முழுவதும் குவிந்துவிடுகிறது.

பூனையின் அறிகுறிகள் அமைதியானவை

பூனைக்கு ஆளைவிட இடம்தான் முக்கியம் என்று பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. பதற்றமுற்ற பூனை நாயைப்போல் ஊரைக் கூட்டுவதில்லை என்பதால் கவனிக்கப்படாமல் போகிறது. வளர்ப்பவரின் படுக்கையிலோ துணியிலோ சிறுநீர் கழித்தல், வயிற்றுப் பகுதி முடி உதிரும்வரை நக்கிக்கொண்டே இருத்தல், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒளிந்துகொண்டு வெளிவராதிருத்தல், உணவை மறுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

இவற்றுள் உணவு மறுப்பை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாய் ஒருநாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. பூனை, குறிப்பாகப் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். ஆண் பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்க முயன்று சொட்டு சொட்டாக மட்டும் வந்தாலோ, வராமலே இருந்தாலோ, அதனைப் பதற்றம் என்று எண்ணிக் காத்திருக்கலாகாது. சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கக்கூடும்; அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவமனையில் சேரும் தேதி தெரிந்திருந்தால்

பிராணியைக் கவனித்துக்கொள்ளப் போகிறவரை இப்போதே முடிவு செய்யுங்கள். மகளோ, மருமகனோ, பக்கத்துத் தறிக்காரரோ, யாராயினும் அவர் கையால் தினமும் ஒருவேளை உணவு கொடுக்கச் செய்யுங்கள். முதலில் தாங்கள் அருகில் இருங்கள். சில நாள்களில் அடுத்த அறைக்குச் செல்லுங்கள். பின்னர் தெருமுனைவரை சென்று வாருங்கள். "என் கையைத் தவிர வேறு கையில் உண்ணாது" என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. அது அன்பின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் தாங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாளில் பிராணிக்கு அதுவே தண்டனையாகிவிடும்.

தனித்திருக்கும் பயிற்சியை நொடிக்கணக்கில் தொடங்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் பத்து நொடியில் திரும்புங்கள். பிராணி அமைதியாக இருந்தால் அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். பதற்றம் தென்பட்டால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். முதல் அரைமணி நேரத்தை எட்டுவதுதான் கடினம். அதற்குப் பின் வேகமாக நீட்டிக்க இயலும். செருப்பணிதல், சாவியை எடுத்தல், பையைத் தோளில் மாட்டுதல் ஆகியவற்றைக் கண்டவுடனேயே நாய் பதறத் தொடங்கினால், வெளியே செல்லாமலேயே நாளுக்குப் பலமுறை அவற்றைச் செய்யுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமருங்கள். சில நாள்களில் சாவியின் ஓசைக்கு அது தலைகூடத் தூக்காது.

புறப்படும் வேளையில் தேடித் தின்னும்படி உணவு வைப்பது நல்லது. பழைய துண்டில் உணவுத் துணுக்குகளைத் தூவிச் சுருட்டி வைத்தால் போதும். இதற்கெனப் பொருள்களை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. துணியைக் கடித்து விழுங்கும் நாய்க்கு மட்டும் இம்முறை வேண்டா.

வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இப்பயிற்சி மிகவும் பொருந்தும். செல்லும் நாளும் நேரமும் மாறாதிருப்பதால் பிராணி அதனை ஓர் ஒழுங்காகவே ஏற்றுக்கொள்ளும்.

திடீரென்று சேர நேர்ந்தால்

மாரடைப்புக்கோ பக்கவாதத்திற்கோ பயிற்சி நாள் கிடையாது. 108 ஊர்தியில் ஏறும்போது நாயைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. அதன்பின் வீட்டிலுள்ளோர் பிராணியை, இயன்றவரை, அதன் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பூனையைப் பொறுத்தவரை இது மிகவும் முக்கியம். உறவினர் வீட்டுக்குக் கொண்டுசென்ற பூனை வெளியேறிக் காணாமல் போவது வழக்கமான ஒன்று. உணவு வகையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். நோயாளி உடுத்திய, துவைக்காத துணி ஒன்றை அது படுக்கும் இடத்தில் விரியுங்கள். நோயாளிக்குத் தொற்றுநோய் என்றால் மட்டும் துணியை வைப்பதற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். இதுவரை கட்டியறியாத நாயைத் திடீரென்று சங்கிலியில் கட்டுவதும், சேட்டை செய்கிறது என்று இருட்டறையில் அடைப்பதும் அச்சத்தைப் பன்மடங்காக்கும்.

அடிப்பதும் திட்டுவதும் பயனற்றவை. "தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்யாத நாய்களும் வளர்ப்பவர் கடிந்துகொள்ளும்போது அதே முகத்தைக் காட்டின. நாம் காண்பது குற்ற உணர்வன்று, அச்சமே.

கைப்பேசியில் நோயாளியின் குரலைக் கேட்கச் செய்யலாமா என்று பலரும் வினவுகின்றனர். சில பிராணிகள் குரல் கேட்டு ஆறுதலடையும். சில, குரல் வரும் திசையெல்லாம் தேடி மேலும் தவிக்கும். ஒருமுறை முயன்று பாருங்கள். தேடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். ஆனால், நாய் உண்பதை ஒளிப்பதிவு செய்து நோயாளிக்குக் காட்டுவதில் தயக்கம் வேண்டா. நோயாளியின் உறக்கத்திற்கு அது உதவுவதை நான் கண்டிருக்கிறேன்.

மனிதர் உண்ணும் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்

நாயை உறங்கவைக்க மாத்திரை கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர் உண்டு. நோயாளிக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையில் பாதியைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அது எழவில்லை என்று பதறுவோரும் உண்டு. பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடும் பிரிவுப் பதற்றத்திற்கு ஃபுளுவாக்செட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அவை முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியும் உடன்நடக்க வேண்டும். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரே கணிக்க வேண்டும். பதற்றமுற்ற நாய் கையில் கிடைத்ததைக் கடிக்கும் என்பதால், நோயாளியின் மாத்திரை அட்டைகளை உயரத்தில் பூட்டி வையுங்கள்.

கடித்துவிட்டாலோ பிராண்டிவிட்டாலோ

பழக்கமில்லாதவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும்போது, அச்சமுற்ற நாய் கடிக்கக்கூடும். வளர்ப்பவரைத் தேடித் தெருவில் ஓடிய நாய், பிற நாய்களிடம் கடிபட்டுத் திரும்பவும் கூடும். எனவே மருத்துவமனைக்குச் செல்லுமுன், வெறிநோய்த் தடுப்பூசி இவ்வாண்டு போடப்பட்டதா என்பதை உறுதிசெய்து, தடுப்பூசி அட்டையைப் பராமரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

கடித்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதனையும் வைக்கக் கூடாது. "நம் வீட்டு நாய்தானே" என்று காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். தோலுக்குள் போடப்படும் தடுப்பூசி முதல் நாளன்றும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள்களிலும் கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயத்திற்கு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். நாயை 10 நாள்கள் கண்காணிப்பது வழக்கம். ஆயினும் அந்தப் பத்து நாள்கள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிவைக்கலாகாது. பூனைக்கடிக்கும் இதுவே முறை.

வீடு திரும்பும் நாள்

நோயாளியைக் கண்ட நாய் பாய்ந்து ஏறும். வயிற்றில் தையல் உள்ளவருக்கும், இடுப்பெலும்பு அறுவை முடித்து நடைச்சட்டம் பிடித்து வருபவருக்கும் அந்த ஒரு பாய்ச்சல் மறுபடியும் மருத்துவமனையைக் காட்டிவிடலாம். முதலில் உடன்வருபவர் உள்ளே சென்று நாயைப் பிடித்துக்கொள்ளட்டும். நோயாளி நாற்காலியில் அமர்ந்தபின், அதன் துள்ளல் அடங்கியதும் அருகில் விடுங்கள். ஆறாத புண்ணையும் தையலையும் நக்க விடாதீர்கள்; சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு நாயின் எச்சிலிலுள்ள கிருமிகள் கடும் தொற்றை உண்டாக்கலாம்.

அடுத்த சில நாள்கள் பிராணி நிழல்போல் பின்தொடரும். அன்பு காட்டுங்கள், ஆனால் தனித்திருக்கும் பயிற்சியைக் கைவிடாதீர்கள். மறுபரிசோதனைக்கு மீண்டும் செல்ல வேண்டியிருக்கும்.

பிராணிகளுக்கான சிகிச்சைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். கடிபட்டவர்கள் தடுப்பூசி குறித்த ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் அழைக்கலாம்.